சிமுலேஷன் லேபில் புழங்கும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியின் ஸ்கில் லேபில் பாடம் எடுக்கிறேன். கோபி, அந்தியூர், தாராபுரம், காங்கேயம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகள், அவர்களைச் சேர்த்துவிட வரும் பெற்றோர், புதிதாக வேலைக்கு வரும் டெக்னீஷியன்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றில் முக்கால்வாசி சொற்களைப் பற்றியவை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் அந்தப் பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாயாலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சிமுலேஷன்னா என்னங்க மேடம்? சும்மா நடிக்கறதுங்களா?

நோயாளியைத் தொடும் முன், நோயாளி போன்ற ஒன்றை வைத்துப் பழகுவது. அது பொம்மையாக இருக்கலாம், நோயாளியாக நடிக்கும் மனிதராக இருக்கலாம், கம்ப்யூட்டர் திரையாகவும் இருக்கலாம். லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் போன்ற, ஒத்த. அதிலிருந்து 'சிமுலாரே', போலச் செய்தல்.

நடிப்பா என்று கேட்பதிலும் தவறில்லை. பழைய மருத்துவ எழுத்துகளில் சிமுலேஷன் என்றால், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது என்றே பொருள். பட்டாளத்துக்குப் போகாமல் தப்பிக்க நொண்டுவது மாதிரி. ஏமாற்றைக் குறித்த அதே சொல்தான் இன்று, யாரையும் ஏமாற்றாமல், எல்லோருக்கும் தெரிந்தே போலச் செய்து கற்பதைக் குறிக்கிறது.

நோட்டீஸ்ல 'ஸ்டிமுலேஷன் லேப்'னு போட்டிருக்காங்களே, அதும் இதும் ஒண்ணுங்களா?

இல்லை, அது அச்சுப் பிழை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கதவுப் பலகையிலேயே அப்படி எழுதி, மாற்றுவதற்கு ஒரு வருடம் ஆனது.

'ஸ்டிமுலஸ்' என்றால் லத்தீனில் தார்க்குச்சி. மாட்டை முடுக்க நுனியில் ஆணி வைத்த கோல் இருக்கிறதே, அதுதான். நரம்பைத் தூண்டுவது, தசையைத் தூண்டுவது எல்லாம் ஸ்டிமுலேஷன். காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும், பிறகு குழம்புவதில்லை: குத்தினால் ஸ்டிமுலேஷன், ஒத்தால் சிமுலேஷன்.

டம்மின்னு சொன்னா ஏன் மேடம் கோவிச்சுக்கறீங்க?

கோபம் இல்லை, வருத்தம். 'டம்' என்றால் ஆங்கிலத்தில் வாய் பேசாத. பேச முடியாதவரை அந்தக் காலத்தில் டம்மி என்றார்கள். பிறகு அது ஆள் போல நிறுத்தி வைத்த பொம்மைக்குப் பெயரானது. நம் ஊரில் அது இன்னும் கீழே இறங்கி, 'டம்மி பீஸ்' என்றால் எதற்கும் உதவாத ஆள் என்று ஆகிவிட்டது.

பெயர் கையைப் பழக்குகிறது. டம்மி என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகள் கையுறை போடாமல் தொடுவதையும், தலையைத் தாங்காமல் திருப்புவதையும், போர்வையை விலக்கும்போது மறைப்பு இல்லாமல் விடுவதையும் பல முறை பார்த்துவிட்டேன். 'அம்மா' என்றோ 'ஐயா' என்றோ கூப்பிட்டுத் தொடங்கினால் அதே பிள்ளைகளின் கை மாறுகிறது. அப்புறம், எங்கள் லேபில் இருப்பது வாய் பேசாத பொம்மையும் இல்லை. உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது, 'நெஞ்சு வலிக்குதுங்க சிஸ்டர்' என்று சொல்லும்.

அப்ப என்னன்னு சொல்றது? மேனிகினா, மேனக்வினா? துணிக்கடைல நிக்கறதும் இதும் ஒரே பேருங்களா?

ஒரே தாய், இரண்டு பிள்ளைகள். டச்சு மொழியில் 'மேன்' என்றால் ஆள், 'மேனிகென்' என்றால் குட்டி ஆள். இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு நேராக வந்தபோது மேனிகின் ஆனது. பிரான்ஸ் வழியாகச் சுற்றி வந்தபோது மேனக்வின் ஆனது. பிரான்சில் அது ஓவியர்கள் வைத்திருந்த மூட்டு மடங்கும் பொம்மைக்கும், பிறகு தையல்காரர்கள் துணி போர்த்திக் காட்டும் உருவத்துக்கும் பெயராக இருந்தது. ஆகவே திருப்பூர் ஷோரூமில் பனியன் மாட்டி நிற்பது மேனக்வின், நம் கட்டிலில் படுத்திருப்பது மேனிகின்.

இத்துறையில் பெரும்பாலோர் மேனிகின் என்றே எழுதுகிறார்கள். ஆனால் மற்றதை எழுதுவோரும் உண்டு, அதற்காக யாரையும் திருத்த வேண்டியதில்லை. ஒரே அறிக்கையில் இரண்டையும் கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.

நெஞ்சு அமுக்கற பொம்மைக்கு ஏன் 'ஆனி'ன்னு பேரு? யாருங்க அவங்க?

பெயருக்கு ஒரு கதை, முகத்துக்கு ஒரு கதை. நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் ஆஸ்முண்ட் லார்டல் என்ற பொம்மை வியாபாரி இருந்தார். மென்மையான பிளாஸ்டிக்கில் அவர் செய்து விற்ற பொம்மையின் பெயர் ஆனி. அவருடைய சின்ன மகன் தண்ணீரில் மூழ்கிச் சாகக் கிடந்து பிழைத்தவன். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையைப் பழக ஒரு உருவம் வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்டபோது, அதன் அவசியத்தை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1960-ல் ரெசசி ஆனி வந்தது. 'ரெசசி' என்பது ரெசசிட்டேஷன் என்பதன் சுருக்கம். லத்தீனில் அதற்கு மறுபடி எழுப்புதல் என்று பொருள்.

முகம் வேறொருத்தியுடையது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரீஸில் சேன் ஆற்றிலிருந்து சடலமாக எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு இளம்பெண்ணின் முகத்தை அச்செடுத்து, அந்தப் பிரதியை வீடுகளில் அழகுக்கு மாட்டி வைத்தார்கள். உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்த அந்த முகத்தையே லார்டல் ஆனிக்கு வைத்தார். இதைச் சொன்ன பிறகு வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தில் குனிந்து மூச்சு ஊதித்தான் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் உயிர் காக்கப் பழகியிருக்கிறார்கள்.

இதயச் சத்தம் கேக்கற 'ஹார்வி'ங்கறது ரத்த ஓட்டம் கண்டுபிடிச்ச ஹார்விதானுங்களே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ரத்த ஓட்டத்தைப் பற்றி 1628-ல் நூல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. நம் பொம்மைக்குப் பெயர் கொடுத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து இதய மருத்துவர் ப்ராக்டர் ஹார்வி. மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன் 1968-ல் இந்த சிமுலேட்டரை அறிமுகப்படுத்தியபோது, ஸ்டெதஸ்கோப்பைக் கேட்கக் கற்றுக்கொடுத்த தன் வாத்தியார் பெயரையே வைத்துவிட்டார்.

ஊசி போடப் பழக ஒரு கை மட்டும் இருக்கே, பிரசவத்துக்கு இடுப்பு மட்டும் இருக்கே, அதுக்கெல்லாம் என்ன பேருங்க?

டாஸ்க் ட்ரெய்னர். ஒரே ஒரு வேலையைப் பழகுவதற்கான உறுப்பு. பிரசவ இடுப்பையும், பல் மருத்துவப் பிள்ளைகள் துளைபோடப் பழகும் தலையையும் பேண்டம் என்பார்கள். 'ஃபான்டஸ்மா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தோற்றம், மாயத்தோற்றம் என்று பொருள். பேய்க்கும் அதே சொல்தான். ஆனால் இங்கே பேய்க்கு வேலை இல்லை.

தமிழில் எழுதச் சொன்னால் நான் 'உருவாரம்' என்பேன். உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போனவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். மாடு கன்று நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று விவசாயிகள் மண்ணில் செய்த மாட்டு உருவங்களை அங்கே வைக்கிறார்கள், அதுதான் உருவாரம். நோய் நொடியை நினைத்துச் செய்த உருவத்துக்கு நம் மண்ணில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? கை உருவாரம், இடுப்பு உருவாரம். சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது.

ஹை ஃபிடிலிட்டின்னா விலை அதிகமானதுங்களா?

வாங்கும்போது அப்படித்தான் தோன்றும். லத்தீனில் 'ஃபிடெஸ்' என்றால் நம்பிக்கை, விசுவாசம். மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்பதுதான் ஃபிடிலிட்டி. ரேடியோ, ரெக்கார்டு காலத்து 'ஹை-ஃபை' அதே சொல்லின் சுருக்கம். பாடியவரின் குரலுக்குப் பெட்டி எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதைச் சொன்னது.

எதற்கு விசுவாசம் என்று கேட்டால் குழப்பம் தீரும். தையல் போடப் பழகுபவருக்குக் கடையில் வாங்கிய கோழிக்கால் தோலே போதும், கை அழுத்தத்துக்கு அது விசுவாசமானது. பல லட்ச ரூபாய் பொம்மை மூச்சு விடும், கண் சிமிட்டும், ஆனால் அதன் தோல் ஊசிக்கு ரப்பர் போலத்தான் இருக்கும். மகளுக்கு என்ன ஆச்சு என்று கதறும் தாயிடம் பேசப் பழக வேண்டுமா? அங்கே எந்த மெஷினைவிடவும் புடவை கட்டி வந்து அழும் ஒரு மனுஷிதான் ஹை ஃபிடிலிட்டி.

மேக்கப் போட்டுக் காயம் வரையறதுக்கு ஏன் 'மூலாஜ்'னு ஒரு பேரு?

பிரெஞ்சில் 'மூலே' என்றால் அச்சில் வார்ப்பது. பாரீஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஜூல் பரெட்டா என்ற கைவினைஞர், தோல் நோய்களை மெழுகில் அப்படியே வார்த்து வண்ணம் தீட்டினார். அதற்கு முன் அவர் காகிதக்கூழில் பழங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். கலர் போட்டோ இல்லாத காலத்தில் மருத்துவர்கள் அந்த மெழுகு உருவங்களைப் பார்த்துத்தான் தோல் நோய்களைக் கற்றார்கள். வார்ப்பு போய், இன்று ரத்தம், கொப்புளம், தீக்காயம் எதை ஒப்பனையாகப் போட்டாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் ஒப்பனை என்ற சொல்லே போதும். ஒப்பு என்பதிலிருந்து பிறந்தது அது, ஒப்புமை என்ற பொருளும் அதற்கு உண்டு. அழும் பாட்டாக நாம் அறிந்த ஒப்பாரியும் குறளில் ஒப்புமை என்ற பொருளில்தான் வருகிறது. காய ஒப்பனை என்றால் யாருக்கும் விளங்கும்.

நோயாளியா நடிக்கறவங்கள 'ஸ்டாண்டர்டைஸ்டு பேஷன்ட்'ங்கறாங்க. சிமுலேட்டடுன்னு சொன்னா தப்புங்களா?

தப்பில்லை, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 1963-ல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, கால்கள் செயலிழந்த நோயாளியாக மாணவர்கள் முன் நிறுத்தினார். அப்போது அவர் வைத்த பெயர் 'புரோகிராம்டு பேஷன்ட்'. அது பிறகு சிமுலேட்டட் பேஷன்ட் ஆனது.

தேர்வுகளில் இவர்களைப் பயன்படுத்தத் தொடங்கியதும் புதுக் கவலை வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன் 1975-ல் எழுதி அறிமுகப்படுத்திய ஆஸ்கி தேர்வு மாதிரி, மேசைக்கு மேசை நகரும் தேர்வில், முதல் மாணவியிடம் நன்றாக ஒத்துழைத்த 'நோயாளி' இருபதாவது மாணவியிடம் களைத்துப்போய்ப் பாதி பதில்தான் சொன்னால் அது அநியாயம் இல்லையா? எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கப் பழக்கப்பட்டவர் என்பதைக் காட்டத்தான் ஸ்டாண்டர்டைஸ்டு என்ற சொல் வந்தது. கனடாவின் ஜெஃப்ரி நார்மன் கொடுத்த பெயர் என்பார்கள். ஆக, வகுப்பில் பழக்குவதற்கு சிமுலேட்டட் போதும். மதிப்பெண் போடும் இடத்தில் ஸ்டாண்டர்டைஸ்டு வேண்டும்.

அப்ப நோயாளிகூட சொந்தக்காரரா வந்து நிக்கறவர்?

கான்ஃபெடரேட். லத்தீனில் 'ஃபோடுஸ்' என்றால் உடன்படிக்கை. நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்டு உள்ளே நிற்பவர். அமெரிக்காவில் இந்தச் சொல், அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களை நினைவுபடுத்துவதால் அங்கே பலர் 'எம்பெடட் பார்ட்டிசிபன்ட்' என்கிறார்கள். நமக்குக் கூட்டாளி என்றால் போதும்.

டீப்ரீஃபிங்னா முடிஞ்சப்புறம் உக்கார வெச்சுத் திட்டறதுதானுங்களே?

நான் படித்த காலத்தில் அப்படித்தான் நடந்தது. முழு வகுப்பின் முன்னால் என் தவறுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அன்றைக்குக் கற்றது எதுவும் நினைவில் இல்லை, கூசிப்போனது மட்டும் இருக்கிறது.

'பிரேவிஸ்' என்றால் குறுகிய. அதிலிருந்து வந்தது பிரீஃப், அதாவது சுருக்கமான எழுத்து. வக்கீல் கையில் இருக்கும் பிரீஃப் இதுதான். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஏறும் முன் வீரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி அனுப்புவது பிரீஃபிங், திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டு வாங்குவது டீப்ரீஃபிங். இந்தப் பிறப்பை நன்றாகக் கவனியுங்கள். பேச வேண்டியவர் போய் வந்தவர், கேட்க வேண்டியவர் அனுப்பியவர். ஆசிரியர் பேசிக்கொண்டே இருந்தால் அது டீப்ரீஃபிங் இல்லை, மறுபடியும் ஒரு பிரீஃபிங். 'அந்த நேரம் உன் மனசுல என்ன ஓடுச்சு கண்ணு?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் எனக்கு இன்றும் கடினமான வேலை. தமிழில் இதை நான் அலசல் என்கிறேன். துணியை அலசுவது மாதிரி, கிழிக்காமல்.

சி.ஆர்.எம்-ல 'சி'ன்னா என்னங்க? ஒருத்தர் க்ரைசிஸ்ங்கறார், ஒருத்தர் க்ரூங்கறார், பழைய புத்தகத்துல காக்பிட்னு இருக்கு.

மூன்றும் சரி, காலம்தான் வேறு. 1977-ல் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். இது போன்ற விபத்துகளை ஆராய்ந்தபோது இயந்திரக் கோளாறைவிட, பெரியவரிடம் சின்னவர் துணிந்து சொல்லாததும், ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாகக் கேட்காததும் பெரிதாகத் தெரிந்தன. 1979-ல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து காக்பிட் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது ஒரு குழுவாகப் பேசிக் கேட்டு வேலை செய்யும் பயிற்சி, பிறந்தது. பணிப்பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது காக்பிட் என்பது க்ரூ ஆனது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கபா குழுவினர் அதை மயக்க மருந்துத் துறைக்குக் கொண்டுவந்தபோது க்ரைசிஸ் ஆனது.

காக்பிட் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காக் சேவல், பிட் குழி. சேவற்கட்டு நடக்கும் களம்! அரவக்குறிச்சி பக்கம் பூலாம்வலசுக்குப் பொங்கலுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த நெருக்கடியும் ரத்தமும் தெரியும். அந்தப் பெயர் போர்க்கப்பலின் அடித்தட்டில் இருந்த நெருக்கமான அறைக்குப் போனது. சண்டை நேரத்தில் காயம்பட்டவர்களை இறக்கி வைத்து, சர்ஜன் வேலை பார்த்த இடம் அது. அங்கிருந்து விமானிகளின் அறைக்கு ஏறி, சி.ஆர்.எம் வழியாக ஆபரேஷன் தியேட்டருக்கு வந்திருக்கிறது. ஒரு வகையில் சர்ஜன் இருந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்ட சொல்.

பஸ் விபத்து மாக் ட்ரில்ல 'டிரயாஜ்' டேக் கட்டறோமே, அது என்ன பாஷைங்க?

பிரெஞ்சு. 'ட்ரியே' என்றால் தரம் பிரி. ஆங்கிலத்தில் இது முதலில் கம்பளி ரோமத்தைத் தரம் பிரிப்பதற்கு வழங்கியது, பிறகே போர்க்களத்துக் காயம்பட்டவர்களுக்கு வந்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி தனி, கிழங்கு தனி என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே ஒரு வேறுபாடு: மண்டியில் நல்ல சரக்கை முதலில் எடுப்பார்கள், இங்கே காப்பாற்றக் கூடியவர்களில் மோசமாக இருப்பவரை முதலில் எடுக்க வேண்டும்.

எல்லாமே வெள்ளைக்காரங்க சொல்லாவே இருக்கே. நம்ம பக்கம் இப்படிப் பழகுனதே இல்லீங்களா?

நன்றாகவே பழகியிருக்கிறார்கள். பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானம் என்ற பகுதியில் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க இதுதான். வெட்டிப் பழகப் பூசணி, சுரைக்காய், வெள்ளரி. கீறித் திறந்து பழகத் தண்ணீர் நிரப்பிய தோல்பை. ரத்தக் குழாயைத் துளைக்கப் பழகத் தாமரைத் தண்டு. தையலுக்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட ஆள் உருவப் பொம்மை. மேலே சொன்ன டாஸ்க் ட்ரெய்னரும் மேனிகினும் அங்கேயே இருக்கின்றன.

அந்த அத்தியாயத்தில் பயிற்சிக்குப் பெயர் 'யோக்யா'. எவ்வளவு படித்திருந்தாலும் யோக்யா செய்யாதவன் வேலைக்கு 'அயோக்யன்', தகுதியில்லாதவன் என்கிறது நூல். நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் அயோக்கியன் இதே சொல்தான்.

அப்ப சிமுலேஷனுக்குத் தமிழ்ல என்னன்னுதான் எழுதறது? நெட்ல 'உருவகப்படுத்துதல்'னு வருதுங்க.

அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்கவில்லை. உருவகம் என்றால் தமிழ்ப் பாடத்தில் படித்த முகமதி, பாதமலர். பொம்மைக்கு ஊசி போடுவதில் உருவகம் எங்கே இருக்கிறது? ஒத்திகை என்பது நல்ல சொல். ஆனால் ஒத்திகையில் அடுத்த வசனம் எல்லோருக்கும் தெரியும், நம் பயிற்சியிலோ பொம்மைக்கு எப்போது மூச்சு நிற்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் ஒத்திகையை மாக் ட்ரில்லுக்கு வைத்துக்கொண்டு, சிமுலேஷனுக்குப் பாவனைப் பயிற்சி என்று எழுதுகிறேன். இலங்கைத் தமிழர்கள் படிக்கும் இடமானால் ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும், அங்கே பாவனை என்றால் பயன்பாடு.

புது ஐ.சி.யூ-வோ தியேட்டரோ திறக்கும் முன், அங்கேயே பொம்மையை வைத்துக் கட்டில் திரும்புகிறதா, ஆக்ஸிஜன் குழாய் எட்டுகிறதா என்று பார்ப்பதும் சிமுலேஷன்தான். இன் சிட்டு என்பார்கள், இருந்த இடத்திலேயே என்று பொருள். இதற்கு நம்மிடம் அச்சு அசலான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேரை நோம்பிக்கு முன்னால் உற்சவரை ஏற்றாமல் வீதியில் இழுத்து, சக்கரம் உருள்கிறதா, முக்கில் திரும்புகிறதா, கரண்டுக் கம்பி இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். சாமி இல்லாத தேர், நோயாளி இல்லாத கட்டில்.

பொம்மை கண்ணுல டார்ச் அடிச்சுப் 'பியூப்பில்' பாக்கறோம். படிக்கிற பிள்ளைகளையும் பியூப்பில்ங்கறாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமுங்களா மேடம்?

இதைக் கேட்டது பவானியிலிருந்து வரும் ஒரு முதலாண்டு மாணவி. சம்பந்தம் உண்டு. லத்தீனில் 'பூப்பா' என்றால் சிறுமி, பொம்மை. அதன் சின்ன வடிவமான 'பூப்பில்லா' கண்ணின் கருமணிக்குப் பெயரானது. ஒருவர் கண்ணுக்குள் கிட்டப் போய்ப் பார்த்தால், பார்ப்பவரின் உருவமே ஒரு குட்டிப் பொம்மையாக உள்ளே தெரியும், அதனால். மாணவரைக் குறிக்கும் பியூப்பில், பெற்றவர் இல்லாமல் பிறர் பொறுப்பில் வளரும் பிள்ளை என்ற சொல்லிலிருந்து வந்தது. வேர் ஒன்றே.

தமிழிலும் அப்படியே. பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் பெண், பாவை என்றால் கண்மணிக்குள் தெரியும் உருவம். 'கருமணியிற் பாவாய்' என்று குறளில் வருவது இதுதான். ரோமுக்கும் நமக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரே காட்சி கண்ணில் பட்டிருக்கிறது. சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை டார்ச்சை அணைத்துவிட்டு, மேனிகினின் முகத்தருகே குனிந்து கண்ணாடிக் கண்ணுக்குள் பார்த்தாள். 'தெரியறேங்க மேடம்' என்றாள்.